எதிர்த்த லாட்ஜில் என் அக்கா

காலை இப்படி நீட்டுங்கம்மா. கூச்சப்படாதீங்க. வழுக்கி விழுந்த கால் எத்தனை பாத்திருக்கேன் நான். உங்களைச் சொல்லிக் குத்தமில்ல, எண்ணெயைத் தேச்சுக்கிட்டு பாசி பிடிச்ச பாறையில கால் வச்சா யாருக்குத்தான் நிக்கும்? எலும்பு முறியல. சுளுக்குத்தான். புளியும் உப்பும் மஞ்சளும் கொதிக்க வச்சுக் கொண்டாந்திருக்கேன், பத்து போட்டு விடுதேன். சாயங்காலம் உங்க வீட்டுக்காரரும் பிள்ளைகளும் அருவியில இருந்து வாரதுக்குள்ள எந்திரிச்சு நடப்பீங்க. சூடா இருக்கா? பொறுத்துக்கிடுங்க. சூடு இருந்தாத்தான் பிடிக்கும்.

எதிர்த்த லாட்ஜ் பால்கனியில ஒரு அம்மா காலையில இருந்து இந்த வீட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்களே, அவங்க யாருன்னுதான கேட்டீங்க?

அது எங்க அக்கா. செண்பகம்.

ஆமா, கூடப் பொறந்தவதான். ஒரு வயித்துப் பிள்ளைக. நான் உலகம்மா, அவ செண்பகம், நாங்க ரெண்டே பேருதான். பொறந்து வளர்ந்த வீடு இது. அதை விட்டுட்டு எதுக்க ரூம் போட்டுத் தங்கியிருக்கா. வந்து ஒரு வாரம் ஆச்சு. இந்த வீட்டு வாசப்படி ஏறல. குத்தாலத்துல எல்லாரும் எங்கிட்ட கேக்காங்க. சிப்ஸ் கடைக்காரன் கேக்கான், ஆட்டோக்காரன் கேக்கான். என்னத்தைச் சொல்ல? அலுத்துப் போச்சும்மா. சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சு.

அந்த ஜன்னலை மட்டும் சாத்திக்கிடுதேன், குரங்கு வந்துரும். போன வாரம் ஒரு அம்மாவோட பல்லு செட்டையே தூக்கிட்டுப் போயிருச்சு.

நாங்க வளர்ந்த மாதிரி யாரும் வளர்ந்திருக்க மாட்டாங்கம்மா. நெசமாத்தான். மத்த ஊர்ல பிள்ளைக எல்லாம் லீவுக்கு எங்கயாவது போகணும்னு அழும். எங்களுக்கு எங்கயும் போக வேண்டாம், ஊர் உலகமே எங்க வீட்டுக்கு வரும். முதல் சாரல் விழுந்திருச்சுன்னா அப்பா சாவிக்கொத்தை எடுத்துக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருவாரு. அம்மா வீட்டைக் காலி பண்ண ஆரம்பிச்சிருவா. எங்க பாய், தலையணை, சாமி படம், அரிசிப் பானை, எல்லாம் பின்னால தகரம் போட்ட விறகுச் சாய்ப்புக்குப் போயிரும். வீடு பூராவும் சீசன்காரங்களுக்கு. ஆடி முடிய நாங்க நாலு பேரும் சாய்ப்புலதான். இந்த ஊர்ல அப்போ பாதி வீடு அப்படித்தான். சீசன்ல சொந்த வீட்டுக்குள்ள கால் வைக்க முடியாது. வெந்நீர் கொண்டு போனா வாசல்ல வச்சுட்டுக் கதவைத் தட்டணும்.

எவ்வளவு ஜாலியா இருக்கும் தெரியுமா! தகரத்துல மழை விழும். விறகு வாசனை. நானும் அக்காவும் ஒரே போர்வைக்குள்ள. சீசன்ல துணி காயாதுல்லாம்மா, அடுப்புக்கு மேல கயிறு கட்டி அதுலதான் காயப் போடுவோம். பாவாடை எல்லாம் புகை வாடை அடிக்கும். பள்ளிக்கூடத்துல பிள்ளைக எங்களைக் 'கருவாடு, கருவாடு'ன்னு கூப்பிடும். அக்கா அழுவா. நான் சிரிப்பேன். அப்பவே அவளுக்கு எதையும் விளையாட்டா எடுத்துக்கிடத் தெரியாது.

பள்ளிக்கூடத்துக்கும் எங்க போனோம்? பள்ளிக்கூடம் தொறக்கும்போதுதான் சீசனும் தொறக்கும். எங்களுக்கு லீவுதான். மத்த பிள்ளைக சிலேட்டைத் தூக்கிக்கிட்டு நனைஞ்சுக்கிட்டுப் போகும், நாங்க வாய்க்கால் கரையில உக்காந்து சீசன்காரங்க பாத்திரத்தை விளக்கிக்கிட்டு அதுகளை வேடிக்கை பாப்போம். அக்கா நல்லாப் படிப்பா. ஆவணியில திரும்பப் போனா எல்லாப் பாடத்தையும் கேட்டுக் கேட்டு எழுதி ரெண்டு மாசத்துல பிடிச்சிருவா. எனக்கு அதெல்லாம் ஏறல, நானும் கவலைப்படல.

ஒரு சங்கதி சொல்லுதேன், கேளுங்க. சீசன்காரங்க ஊருக்குப் போனதும் குளிக்கிற ரூமை யாரு முதல்ல கழுவுறதுன்னு எங்களுக்குள்ள போட்டி. எதுக்குத் தெரியுமா? சோப்புத் துண்டு. பச்சை, ரோஸ், மஞ்சள்னு தேஞ்சுபோன சில்லு கிடக்கும். அதை எல்லாம் பொறுக்கி, தண்ணி தொட்டுப் பிசைஞ்சு ஒரே உருண்டையா உருட்டி வச்சுக்கிடுவோம். ஒரு பக்கம் மோந்தா மல்லிகை, திருப்பி மோந்தா சந்தனம். அந்த மாதிரி சோப்பு இன்னிக்கு எந்தக் கடையிலயாவது கிடைக்குமா? சொல்லுங்க.

அருவியா? சீசன்ல நாங்க எங்க குளிச்சோம்! வேலை கிடக்கும்ல. சீசன் முடிஞ்சு, தண்ணி நூலா விழும்போது போய்க் குளிப்போம். கூட்டமே இருக்காது. அருவி எங்க போயிரப் போகுது?

அந்த முழங்காலைக் கொஞ்சம் தளர விடுங்க. ஆங், அப்படி.

நான் படுத்தா எந்திரிக்க மாட்டேன், செத்த பிணம் மாதிரி தூங்குவேன். விடியறதுக்கு முந்தி வெந்நீர் அடுப்பு பத்த வைக்கணும். அது என் வேலை, பால் வாங்கிட்டு வாரது அக்கா வேலை. அக்கா என்னை எழுப்பவே மாட்டா. நான் கண்ணைத் தொறக்கும்போது அடுப்பு எரிஞ்சுக்கிட்டு இருக்கும், பாலும் வந்திருக்கும். எல்லாத்தையும் தானே செஞ்சு அம்மாகிட்ட நல்ல பேரு வாங்கணும்னு அவளுக்கு ஒரு இது. சின்னதுலயே அப்படி.

சரி, விஷயத்துக்கு வாரேன்.

மெட்ராஸ்ல இருந்து ஒரு வக்கீல் குடும்பம் வருசா வருசம் வருவாங்க. இந்த வீட்டு முன் ரூம் ரெண்டும் அவங்களுக்குத்தான். அந்தம்மாவை வக்கீலம்மான்னுதான் சொல்லுவோம். செக்கச் செவேல்னு இருப்பாங்க. என்னைப் பாத்தா கன்னத்தைக் கிள்ளுவாங்க. 'ஏ குட்டி, தலையைப் பிடிச்சு விடு'ன்னு என்னையத்தான் கூப்பிடுவாங்க, அக்காவைக் கூப்பிட மாட்டாங்க. ஊருக்குப் போகும்போது அவங்க பிள்ளைகளோட பழைய கவுனைக் குடுத்துட்டுப் போவாங்க. சொந்தக்காரங்க மாதிரிம்மா. சொந்தக்காரங்க கூட அப்படி இருக்க மாட்டாங்க.

ஒரு வருசம் அவங்களுக்குக் கைக்குழந்தை. ஊருக்குக் கிளம்புற அன்னைக்கு முந்தின நாள் அம்மாவையும் அப்பாவையும் கூப்பிட்டு, 'உங்க ரெண்டு பிள்ளையில ஒண்ணை எங்ககூட அனுப்புங்க. குழந்தையைப் பாத்துக்கிட்டு வீட்டோட இருக்கட்டும், சாப்பாடு துணிமணி எல்லாம் நாங்க பாத்துக்கிடுதோம், எங்க பிள்ளை மாதிரி வளரும்'னாங்க. அப்புறம் அவங்களே, 'சின்னதையே அனுப்புங்க, சின்னதுன்னா சொன்ன பேச்சு கேக்கும்'னாங்க. நான் கதவுக்குப் பின்னால நின்னு கேட்டேன். அக்காவும் கேட்டா.

கேட்டது யாரை? என்னைய! சின்னதைன்னா என்னையத்தான?

அப்பா உடனே தலையை ஆட்டிட்டாரு. அவங்க சொன்னா மெட்ராஸ்ல இருந்து இன்னும் நாலு குடும்பம் வரும்ல. அம்மா மூக்கைச் சிந்திக்கிட்டு அடுப்புக்கு விறகு தள்ளினா. எனக்குக் கால் தரையில பாவல. மெட்ராஸ்! மாடி பஸ்! கடல்! இருக்கிறதுலயே நல்ல கவுனை எடுத்து மடிச்சு வச்சுட்டேன்.

மறுநாள் காலையில அக்கா என்ன செஞ்சா தெரியுமா? என் தலையை இழுத்துச் சீவிப் பின்னி விட்டுட்டு, 'ஏட்டி உலகு, ஐந்தருவிக்கிட்ட ஒரு தாத்தா ரம்புட்டான் விக்காருல்லா, மிஞ்சின பழத்தைச் சும்மா குடுக்காராம், இன்னிக்குத்தான் கடைசி. ஓடிப் போய் வாங்கிட்டு வா, ரயில்ல திங்கதுக்கு ஆகும்'னா. நான் ஓடினேன். குறுக்கு வழி கூட சொல்லிக் குடுக்கல பாருங்க, ரோட்டைச் சுத்தியே போன்னு சொன்னா. அங்க போய்ப் பாத்தா தாத்தாவும் இல்ல, பழமும் இல்ல. அந்தப் பக்கம் இந்தப் பக்கம் தேடிட்டு, கால் வலிக்கத் திரும்பி வந்தேன். முன் ரூம் ரெண்டும் காலி. தென்காசிக்கு, ரயிலுக்குப் போயிட்டாங்க. அக்காவும் இல்ல. கையில வேற எதையும் கொண்டு போகல, அந்தச் சோப்பு உருண்டையைக்கூட எனக்கே விட்டுட்டுப் போயிருந்தா.

'சின்னவளைக் காணோம், நேரமாச்சு, நானே வாரேன்'னு முன்னால போய் நின்னாளாம். அம்மா சொன்னா.

என் இடம்மா அது. எனக்கு வந்த இடத்தை அவ தட்டிக்கிட்டுப் போயிட்டா. கூடப் பொறந்தவளே இப்படிச் செஞ்சா யாரை நம்ப? நீங்களே சொல்லுங்க. அன்னைக்கு நான் அழுத அழுகை இருக்கே, சீசன்காரங்க வந்து சத்தம் போட்ட பிறகுதான் நிறுத்தினேன்.

போனவ, போனவதான். வருசா வருசம் வக்கீல் குடும்பம் வருவாங்க, அவ வர மாட்டா. கேட்டா, 'வீட்டைப் பாத்துக்க ஆள் வேணும்ல, செண்பகத்து மேல அவ்வளவு நம்பிக்கை எங்களுக்கு'ன்னு வக்கீலம்மா சொல்லுவாங்க. பூட்டுச் சாவியே அவ கையிலன்னா பாத்துக்கிடுங்களேன். இங்க எனக்கு அடுப்பும் என் வேலை, பாலும் என் வேலைன்னு ஆகிப்போச்சு. என்னை எழுப்புறது அம்மாதான், சும்மா எழுப்ப மாட்டா, தண்ணியைத் தெளிச்சு எழுப்புவா.

அவளுக்குக் கல்யாண வயசு வந்ததும் அவங்களே மாப்பிள்ளை பாத்து, அவங்க வீட்டு டிரைவருக்கே கட்டி வச்சாங்க. செலவு பூரா அவங்கதான். யாரும்மா செய்வா? பத்திரிகை வந்துச்சு. ஆவணியில முகூர்த்தம். அந்த வருசம் தண்ணி நல்லா விழுந்துச்சு, சீசன் முடியல. ரூம் எல்லாம் ஆள். எப்படிப் போறது? நாங்க யாரும் போகல. அவ புரிஞ்சுக்கிடணும்ல, இந்த வீட்டுல பொறந்தவதான? அதை மனசுல வச்சுக்கிட்டு அம்மா செத்ததுக்கு வந்தவ, தெருவுலயே நின்னு மாலையைப் போட்டுட்டு, ஒரு வாய்த் தண்ணி குடிக்காம அடுத்த பஸ்ஸுக்குப் போயிட்டா. அவ்வளவு ராங்கி.

என் கதை என்ன பெருசா? வீட்டோட மாப்பிள்ளையா ஒருத்தர் வந்தாரு, நல்ல மனுசன், போய்ச் சேந்துட்டாரு. பிள்ளை இல்ல. இந்த வீடும் இந்த ரூமும் நானும்தான். முட்டி ரெண்டும் போச்சு. மாடி ஏறி இறங்கினா உயிர் போகுது. இருந்தாலும் சீசன்காரங்களை விட முடியுமா?

இந்த வருசம் திடீர்னு போன் பண்ணுதா. 'ஏட்டி, நான் வாரேன். ஒரு தடவை சீசன்ல அருவியில குளிக்கணும்'ங்கா. அவ வீட்டுக்காரரும் தவறிட்டாரு. மகன் தனியா நல்லா இருக்கான். எனக்குச் சந்தோசம் தாங்கல. பழசை எல்லாம் விட்டுருவோம், கடைசிக் காலத்துல ரெண்டு பேரும் இங்கயே ஒண்ணா இருந்துக்கிடுவோம், அவகிட்ட கேட்டுருவோம்னு முடிவு பண்ணிட்டேன். ஒத்தையில முடியலம்மா. காலையில எந்திரிக்கும்போது பேச ஒரு ஆள் வேணும்.

வந்தா. ஆட்டோவுல இருந்து இறங்கினா. நானும் அவளும் கட்டிப்பிடிச்சு அழுதோம், ரோட்டுல போறவன் எல்லாம் நின்னு பாத்தான். கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன். முன் ரூம்லயும் மாடியிலயும் ஆள் இருந்துச்சு. சீசன்ல வந்தவங்களை எழுப்பி அனுப்ப முடியுமா? அதனால, நான் ஆசை ஆசையா, பின் சந்து வழியாக் கூட்டிட்டுப் போய் அந்த விறகுச் சாய்ப்பைக் காட்டினேன். கழுவி விட்டு, கோலம் போட்டு, பாய் விரிச்சு வச்சிருந்தேன். ரெண்டு தலையணை, ஒரே போர்வை. நாங்க படுத்த இடம்மா! எனக்கே கண்ணு கலங்கிருச்சு. 'எக்கா, பாரு, எல்லாம் அப்படியே வச்சிருக்கேன், அந்தத் தகரம் கூட மாத்தல'ன்னேன்.

அப்படியே நின்னா. பையைக் கீழ வைக்கல. சாய்ப்பைப் பாத்தா, என்னைப் பாத்தா. அப்புறம், 'நீ இன்னும் இதுலயாட்டி படுக்க?'ன்னு கேட்டா.

'சீசன்ல மட்டும்தான்க்கா'ன்னேன்.

திரும்பி, ரோட்டைத் தாண்டி, நேரா அந்த லாட்ஜுக்குப் போயிட்டா. நான் பின்னாலயே ஓடுதேன், கத்துதேன், திரும்பிப் பாக்கல. பாத்தீங்களா அநியாயத்தை? ஆசையாப் பாய் விரிச்சு வச்சவளுக்கு அவ குடுத்த மரியாதை அது.

இதோ, இந்தத் துணியைச் சுத்திட்டா முடிஞ்சுது. இறுக்கமா இருந்தா சொல்லுங்க.

நேத்துத்தான் ரெண்டு பேரும் குளிக்கப் போனோம். அவளே ஆள் விட்டுக் கூப்பிட்டா. பழைய குத்தாலத்து அருவிக்கு. கூட்டம் கம்மி. பொம்பளைங்க பக்கம் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னோம். தண்ணி மண்டையில இடி மாதிரி விழுது. உங்ககிட்ட சொல்லுததுக்கு என்ன, சீசன் தண்ணியில நான் நின்னதே நேத்துத்தான். அவ வாயைத் தொறந்துக்கிட்டு சின்னப் பிள்ளை மாதிரி சிரிச்சா. நானும் சிரிச்சேன். அது நல்லா இருந்துச்சும்மா. அதை மறுக்க மாட்டேன்.

ஈரத்தோட படியில உக்காந்திருக்கும்போது கேட்டுட்டேன். இத்தனை வருசம் நெஞ்சுல கிடந்ததை. 'ஏன்க்கா அன்னைக்கு என்னை ஐந்தருவிக்கு அனுப்புன? எனக்கு வந்ததை ஏன் தட்டிப் பறிச்ச?'

அவ தலையைத் துவட்டிக்கிட்டே இருந்தா. அப்புறம் சொல்லுதா, 'நீ நல்லாத் தூங்குற பிள்ளைட்டி. அங்க போனா உன்னைத் தூங்க விடமாட்டாங்கன்னு எனக்குத் தெரியும்.'

இது ஒரு பதிலாம்மா? நான் மெட்ராஸைப் பத்திக் கேக்கேன், அவ தூக்கத்தைப் பத்திப் பேசுதா.

'அங்க நான் படுத்தது மாடிப்படிக்குக் கீழ. குழந்தை அழுதா எந்திரிக்கணும், வக்கீல் லேட்டா வந்தா எந்திரிக்கணும், எந்திரிச்சுக்கிட்டேதான் இருந்தேன். கடலைக் கல்யாணத்துக்கு அப்புறம்தான் பாத்தேன்'னா. மெட்ராஸ்ல இடம் நெருக்கடிதான, படிக்குக் கீழ படுத்தா என்ன? நாங்க சாய்ப்புல படுக்கலையா? அதைத்தான் சொன்னேன். அவ என் கன்னத்தைத் தொட்டா. 'ஆமாட்டி, நீயும் அதேதான்'னா.

அப்பத்தான் நான் கேட்டேன், 'இங்கயே இருந்துரு எக்கா. ரெண்டு பேரும் சேந்து சீசனைப் பாத்துக்கிடுவோம்'னு.

அவ சொல்லுதா, 'அந்த வீட்டுக்குள்ள நான் வர மாட்டேன் உலகு. நீ எங்கூட வா. சின்ன வீடுதான், ரெண்டு கட்டில் போட்டிருக்கேன். காலையில யாரும் எந்திரிக்க வேண்டாம். நாளைக்கு மத்தியானம் நான் கிளம்புதேன், கூட வாரியான்னு யோசி. ஆட்டோவை உங்க வாசல்ல நிறுத்தச் சொல்லுதேன்'னு.

எப்படிப் போறது? நீங்களே சொல்லுங்கம்மா. இப்போ போய். சீசன்ல. முன் ரூம்ல ஆள், மாடியில நீங்க, அடுத்த வாரத்துக்கு ஒரு கல்யாணப் பார்ட்டி. ஒரு வீட்டை நம்பி இத்தனை பேர் வந்திருக்கும்போது, ரெண்டு கட்டில் போட்டிருக்கா, காலையில எந்திரிக்க வேண்டாம்னு சொன்னான்னு கிளம்பிப் போயிர முடியுமா? அவளுக்கு என்ன, அன்னைக்கும் சொல்லாமக் கொள்ளாம போனவ. நான் அப்படி வளரல. இந்த ஊரை அவ மறந்துட்டா, நான் மறக்கல. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனா சொல்லுதேன், நேத்து ராத்திரி அந்தப் பாயில படுத்து, கட்டில்ல படுத்தா எப்படி இருக்கும்னு கொஞ்ச நேரம் நினைச்சுப் பாத்தேன். மனசுன்னா அப்படித்தான், எதையாவது நினைக்கும்.

ஆட்டோ சத்தமா? இருங்க, ஜன்னலைத் தொறக்குதேன். ஆமா, வந்துட்டா. வாசல்லதான் நிக்கி. பாருங்க, உள்ள உக்காந்துக்கிட்டுத் தலையை வெளிய நீட்டி அண்ணாந்து பாக்கா. இறங்க மாட்டா. பக்கத்துல இடத்தைக் காலியா வச்சுக்கிட்டு, பையை மடியில தூக்கி வச்சிருக்கா பாருங்க.

இந்தா வந்துட்டேன் சார்! ரெண்டு வாளியா? சூடாத்தான் இருக்கு சார், இதோ கொண்டாரேன்!

முன் ரூம்ல வெந்நீர் கேக்காங்க. குளிச்சுட்டு வந்தவங்களுக்குக் குளிரும். நான் அடுப்படி வழியா, பின்பக்கமாப் போறேன். வாசல் பக்கம் போனா அவ கையைப் பிடிச்சு இழுத்துருவா. இழுத்தா நான் ஏறிருவேன்மா, எனக்கு என்னைத் தெரியும்.

ஒரே ஒரு உதவி செய்ங்க. நீங்க அந்த ஜன்னல்கிட்ட கொஞ்சம் எக்கி, அவளுக்குக் கையை ஆட்டிருங்க. அவளுக்குக் கண்ணு முன்ன மாதிரித் தெரியாது. நான்னு நினைச்சுக்கிடுவா.